ஒற்றியிலிருந்து ஒத்திவரை: நாஞ்சில் நாட்டில் அடமான ஆபத்து கைமாறிய வரலாறு

நாகர்கோவிலில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒரு கேள்வி பழகிப் போயிருக்கும். தரகர் முதலில் கேட்பது அறை எத்தனை என்பதையல்ல, "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பதைத்தான். ஒத்தி என்றால் மொத்தமாக மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் குடியேற வேண்டும். மாத வாடகை கிடையாது. காலம் முடிந்து காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன.

பேச்சில் ஒத்தி என்று வழங்கும் இது, பழைய ஆதாரங்களில் ஒற்றி. (தமிழ்நாட்டின் பிற பகுதிகள் பத்திரம் என்று சொல்வதைக் குமரி மாவட்டத்தார் இன்றும் ஆதாரம் என்றே சொல்கிறார்கள்.) சென்ற இருநூற்றைம்பது ஆண்டுகளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில், அதாவது நாஞ்சில் நாட்டில், நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கும் முறை பல முறை மாறியிருக்கிறது. மாற்றங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் ஓர் அரசு விதி இருந்தது. அந்த விதிகள் கடனை எளிதாக்கினவா, கடினமாக்கினவா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கடன் கெட்டுப்போனால் நட்டம் யார் தலையில் விழும் என்பதை ஒவ்வொரு விதியும் புதிதாக எழுதியது. அந்தக் கைமாற்றத்தின் வழியைத்தான் இக்கட்டுரை தேடுகிறது.

இந்தக் கேள்விக்கு உலக அளவில் ஒரு சூடான முன்கதை உண்டு. 2008இல் அமெரிக்க வீட்டுக்கடன் சந்தை சரிந்தபோது, ஏழைப் பகுதிகளுக்கும் வங்கிகள் கடன் தர வேண்டும் என்ற 1977ஆம் ஆண்டுச் சமூக மறுமுதலீட்டுச் சட்டம்தான் காரணம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். விசாரித்த நிதி நெருக்கடி ஆணையம் 2011 ஜனவரியில் தந்த அறிக்கையில், அந்தச் சட்டத்துக்கு அதில் குறிப்பிடத்தக்க பங்கில்லை என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் எழுதினர். அரசின் வீட்டுவசதிக் கொள்கையே முதற்காரணம் என்று உறுப்பினர் பீட்டர் வாலிசன் தனியே மறுப்பு எழுதினார். வாதம் இன்னும் ஓயவில்லை. 'அரசா, சந்தையா' என்று இரு தட்டில் வைத்து நிறுக்கும் அந்த முறை நாஞ்சில் நாட்டுக்குப் பொருந்தி வராது. இங்கே சந்தையில் விற்கவும் ஈடு வைக்கவும் கூடிய சரக்காக நிலத்தை ஆக்கியதே அரசுதான்.

அரசே கடன்காரன்

பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரை விரித்துக் கட்டியபின், நிலம் பண்டாரவகை, தேவஸ்வம் (கோயிலுடையது), பிரம்மஸ்வம் (பிராமணருடையது) என்று வகுக்கப்பட்டுக் கணக்கில் ஏறியது. பண்டாரவகை என்பது அரசுக்கு உரியது. அதைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) உழுதவர் குடியானவர், உடைமையாளர் அல்லர். 1811-12இல் திவானாகவும் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ பெரிய கோயில்களின் சொத்துகளை அரசு நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார். கோயில் நிலம் மிகுந்த நாஞ்சில் நாட்டில் அதன் பிறகு அரசின் பிடி இன்னும் இறுகியது. சுசீந்திரம் கோயிலைப் பற்றி கே. கே. பிள்ளை எழுதிய நூலைப் படித்தவர்களுக்கு, அந்தக் கோயிலின் வரவுசெலவு எவ்வளவு பெரிய வயற்பரப்பின்மேல் நின்றது என்பது தெரியும்.

பண்டாரவகைக்குள் ஒரு வினோதமான பிரிவு இருந்தது: பண்டாரவகை ஒற்றி. இதில் கடன் பட்டவர் குடியானவரல்லர், அரசு. முன்பு எப்போதோ அரசுக்குப் பணம் தந்தவர், அல்லது ஒற்றியோடு சேர்ந்து அரசுக்கு வந்த நிலத்தின் ஒற்றிக்காரர், அந்த வயலைத் தம் கையில் வைத்துக்கொள்வார். தந்த பணத்துக்கான வட்டியை வயலின் பாட்டத்தில் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் அரசுக்குக் கட்டுவார். அரசு கடனைத் திருப்பாத வரை நிலம் அவரிடமே இருக்கும். இன்று அரசு கடன்பத்திரம் வெளியிடுவதைப் போன்ற ஏற்பாடுதான், பத்திரத்துக்குப் பதில் வயல்.

தனியாருக்குள்ளும் இதே முறைதான் வழங்கியது. கடன் கொடுத்தவர் கையில் நிலம் போய்விடும், விளைச்சலே பலிசை (வட்டி). மழை தவறினாலும் நெல் விலை விழுந்தாலும் அது ஒற்றிக்காரர் பாடு. கடன் வாங்கியவர் ஒரு காசு கட்ட வேண்டாம். தலைமுறை கழித்து வந்தாலும் முதலைக் கொடுத்து நிலத்தை மீட்கலாம். இடையில் பணமுடை வந்தால், அதே ஒற்றியின் மேல் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்வார். அதற்குப் புறக்கடம் என்று பெயர். புறக்கடம் ஏற ஏற மீட்பு தள்ளிப்போகும் என்பது உண்மை. ஆனால் ஏலம் போட்டு நிலத்தைப் பறிக்க வழியில்லை.

கொல்லம் 1040

1865 ஜூன் 2, கொல்லம் ஆண்டு 1040 இடவம் 21. ஆயில்யம் திருநாள் மகாராஜா, திவான் டி. மாதவராவ் காலத்தில் பண்டாரவகைப் பாட்டப் பிரகடனம் வெளிவந்தது. அரசுப் பாட்ட நிலத்தை உழுதவர்கள் அதன் முழு உரிமையாளர்கள் ஆனார்கள். விற்கலாம், ஈடு வைக்கலாம், வாரிசுகளுக்கு விடலாம். தீர்வை கட்டும்வரை அரசு கை வைக்காது. திருவிதாங்கூர்க் குடியானவர்களின் மகாசாசனம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைப் புகழ்ந்திருக்கிறார்கள். புகழ்ச்சியில் குறையில்லை. சென்னை மாகாணத்தின் ஜமீன் பகுதிகளில் குடியானவர் அன்று இருந்த நிலையோடு ஒப்பிட்டால் நாஞ்சில் நாட்டு உழவர் பெற்றது பெரிய உரிமை.

மாதவராவின் கணக்கு எளிமையானது. உரிமை உறுதியானால் நிலத்துக்கு விலை வரும். விலை வந்தால் அதன்மேல் கடன் கிடைக்கும். கடன் கிடைத்தால் நிலம் செழிக்கும். அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போனது. விற்கக்கூடிய நிலம் என்றால் விற்கவைக்கக்கூடிய நிலம் என்றும் பொருள். பத்திரப் பதிவு முறையும் உரிமையியல் நீதிமன்றங்களும் அதே காலத்தில் வேரூன்றின. ஆக, நிலத்தைக் கையில் வாங்காமலே கடன் கொடுத்து, பணம் வராவிட்டால் டிக்கிரி பெற்று ஏலத்துக்குக் கொண்டுவர வழி பிறந்தது. நிலம் கடன் வாங்கியவரிடமே இருக்கும், வட்டி ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

இரண்டு முறைகளின் வேறுபாட்டை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். கடன் 500 ரூபாய், வட்டி நூற்றுக்கு ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 45 ரூபாய். நெல் கோட்டைக்கு 9 ரூபாய் விற்கும் காலத்தில் ஐந்து கோட்டை அளந்தால் வட்டி தீர்ந்தது. விலை நாலரை ரூபாய்க்கு விழுந்தால்? ஒற்றியில், வயலை வைத்திருக்கும் கடன் கொடுத்தவருக்கு அதே ஐந்து கோட்டைதான் வரும். அதன் மதிப்பு இருபத்திரண்டரை ரூபாய், பாதி நட்டம் அவருக்கு. ரொக்க வட்டிக் கடனில், வாங்கியவர் பத்து கோட்டை அளந்தாக வேண்டும். முதற்போகமான கன்னிப்பூவில் அறுத்தது போதாமல் இரண்டாம் போகமான கும்பப்பூவையும் கொடுத்தால்தான் வட்டி தீரும். முதல் அப்படியே நிற்கும்.

விலை ஏறுமுகமாக இருக்கும்வரை யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீர் பாய்ந்து, இரு பூ உறுதியான வயல்களின் மதிப்பு கூடியது. மதிப்பு கூடியதால் கடனும் கூடியது.

காரணவர் கையெழுத்து

கடன் கொடுப்பவர்களுக்கு நாஞ்சில் நாட்டில் ஒரு தடை இருந்தது. நிலம் மிகுதியாக வைத்திருந்த நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடையே மருமக்கள்வழி (தாய்வழிச் சொத்துரிமை) முறை வழங்கியது. சொத்து தறவாட்டுக்கு, அதாவது கூட்டுக் குடும்பத்துக்கு, உரியது, நிர்வாகம் மூத்த ஆணான காரணவருக்கு. குடும்பத் தேவைக்கென்று காட்ட முடியாத கடனுக்குக் காரணவர் தறவாட்டு நிலத்தை எழுதிக்கொடுத்தால், குடும்பத்தின் இளைய உறுப்பினர்களான அனந்தரவர்கள் நீதிமன்றம் போய் அதைச் செல்லாததாக்கலாம். ஆகவே கடன் கொடுக்கும் விவரமானவர் காரணவர் கையெழுத்தோடு நிற்கமாட்டார். ஆதாரத்தின் அடியில் வயது வந்த அனந்தரவர் எல்லாருடைய ஒப்பத்தையும் கேட்பார். ஒருவர் முறைத்தாலும் கடன் நின்றுவிடும்.

இதைச் சீர்திருத்தம் பேசியவர்கள் அடக்குமுறையாகப் பார்த்தார்கள், சரியாகவே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' 1917-18 வாக்கில் தொடராக வந்தபோது, காரணவரின் ஊதாரித்தனமும் மனைவி மக்களின் கதியற்ற நிலையும் வீட்டுக்கு வீடு சிரிப்போடும் வயிற்றெரிச்சலோடும் படிக்கப்பட்டன. 1925இல் நாயர், ஈழவர் சமூகங்களுக்கும், 1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கும் திருவிதாங்கூர் அரசு சட்டம் செய்தது. பாகம் கேட்டுப் பிரியும் வழி திறந்தது, மக்களுக்கு உரிமை வந்தது.

கடன் வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால் இதே சட்டத்துக்கு இன்னொரு முகம் உண்டு. பாகம் பிரிந்த நிலத்துக்கு ஒரே கையெழுத்து போதும். பத்துப் பேர் சம்மதிக்க வேண்டிய இடத்தில் ஒருவர் சம்மதித்தால் கடன் கிடைக்கும். பழைய கூட்டுரிமை பெண்களையும் இளையவர்களையும் நசுக்கியது. அதே கூட்டுரிமை அவசரக் கடனுக்கு ஒரு தாழ்ப்பாளாகவும் இருந்தது. சட்டம் இரண்டையும் சேர்த்துக் கழற்றியது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் காலம் மோசமாக அமைந்தது. பாகப் பிரிவினைகள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் 1929இன் பெருமந்தம் வந்தது.

வங்கிகள் முளைத்த ஊர்

அதே இருபதுகளில் திருவிதாங்கூரில் வங்கிகள் காளானாக முளைத்தன. சமஸ்தானத்தின் கம்பெனிச் சட்டப்படி சில ஆயிரம் ரூபாய் மூலதனம் காட்டினால் பலகை மாட்டிவிடலாம். சிட்டி (சீட்டு) நடத்தியவர்களே வங்கி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். முப்பதுகளின் தொடக்கத்தில் சமஸ்தானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வங்கிகள் இருந்தன. அளவில் அவ்வளவு சிறிய நாட்டுக்கு அது நம்ப முடியாத எண்ணிக்கை. வைப்புக்கு அதிக வட்டி, அதைவிட அதிக வட்டிக்குக் கடன், பிணை பெரும்பாலும் நிலம். வைப்பாளர் நாளை வந்து கேட்டால் கொடுக்க வேண்டிய பணம், ஐந்தாண்டிலும் விற்க முடியாத வயலில் சிக்கிக் கிடந்தது. வங்கித் தொழில் படித்தவர்கள் இந்தப் பொருத்தமின்மையைத்தான் முதலில் சுட்டுவார்கள். அன்று சுட்டிக்காட்டத் திருவிதாங்கூரில் அதிகாரமுள்ள யாரும் இல்லை. சிட்டிகளுக்கு இந்தியாவிலேயே முன்னோடியாக, கொல்லம் 1094 அளவில் சட்டம் செய்த சமஸ்தானம், வங்கிகளை அவற்றின் போக்கில் விட்டுவிட்டது. 1935 ஏப்ரல் 1இல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் கையும் சமஸ்தான எல்லைக்குள் நீளவில்லை.

பெருமந்தத்தில் நெல், தேங்காய் விலைகள் ஏறத்தாழப் பாதியாயின. பர்மா அரிசி மலிந்து வந்தது நாஞ்சில் நாட்டு நெல்லுக்கு இன்னோர் அடி. மேலே போட்ட கற்பனைக் கணக்கு வீடுதோறும் நிஜமானது. 1865க்கு முன்பு இப்படி ஒரு விலைச்சரிவு வந்திருந்தால் ஒற்றிக்காரர்கள் முகம் சுளித்திருப்பார்கள், அவ்வளவுதான். இப்போது நிலம் ஏலத்துக்கு வந்தது.

கடன் வாங்கியவரை நசுக்கிய ஆபத்து அடுத்து வைப்பாளர்மேல் பாய்ந்தது. 1937இல் இரண்டு பெரிய வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் தேசிய மற்றும் குவிலான் வங்கி, 1938 ஜூன் 21இல் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதன் வீழ்ச்சியில் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகைக்கு எவ்வளவு பங்கு, வங்கியின் சொந்தக் கோளாறுக்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டும் கலந்தது என்பது என் கருத்து. நிலத்தில் சிக்கிய பணம் இல்லாதிருந்தால் பகையால் மட்டும் ஒரு வங்கியைச் சாய்த்திருக்க முடியாது. வைப்புக் காப்பீட்டுக்கு இன்னும் இருபத்துநான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகுதான், 1962இல் வைப்புக் காப்பீட்டுக் கழகம் வந்தது.

அரசின் அடுத்த கை கடன் நிவாரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, சென்னை மாகாணத்தில், ராஜாஜி அரசு 1938இல் விவசாயிகள் நிவாரணச் சட்டம் செய்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கருதப்படும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். கணவாய்க்கு மேற்கே திருவிதாங்கூர் மெதுவாக வந்தது. தவணை, வட்டிக் குறைப்பு என்று கொல்லம் 1116இல் (1940-41) கடன் நிவாரணச் சட்டம் அங்கே வந்தது. நிலப் பிணையில் நீண்டகாலக் கடன் தர, அரசு ஆதரவில் திருவிதாங்கூர் கிரெடிட் பாங்கும் முப்பதுகளில் உருவானது. 1946இல் பெரும்பாலான நிலத்துக்கும் ஏக்கருக்கு 14 அணா என்று ஒரே அடிப்படை வரி விதிக்கப்பட்டதும், பாட்டம், ஒற்றி என்ற பண்டாரவகைப் பாகுபாடுகள் கணக்கில் உயிரிழந்தன.

தமிழ்நாட்டுக்கு வந்தபின்

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ரயத்துவாரியாக்கும் கன்னியாகுமரிச் சட்டம் 1964இல் வந்தது. நில அடமான வங்கி நில வளர்ச்சி வங்கி ஆயிற்று. 1969 ஜூலை 19இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. அதே ஆண்டு இறுதியில் வந்த முன்னோடி வங்கித் திட்டத்தில் கன்னியாகுமரி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் பொறுப்புக்குச் சேர்ந்தது. முன்னுரிமைத் துறைகளுக்குக் கடனில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு 40 சதவீதம் என்று இலக்கு உயர்ந்தது. முன்பு சொன்ன 1977ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் வங்கிகளுக்கு இலக்கு எண் எதையும் வைக்கவில்லை. இங்கே எண்ணே விதி. அதுவும் நெருக்கடியைப் பெற்றுப்போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு காரணம், வீட்டுக்கடன் சூடேறியபோது ரிசர்வ் வங்கி முன்கூட்டியே தண்ணீர் தெளித்தது. 2004 இறுதியில் வீட்டுக்கடனுக்கு ஒதுக்க வேண்டிய மூலதனத்தை உயர்த்தியது, அடுத்த இரண்டாண்டில் வணிகக் கட்டடக் கடனுக்கு இன்னும் உயர்த்தியது. 2010இல், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கடன் கூடாது, சிறு கடனுக்கு 90 என்று வரம்பு கட்டியது. முதல் சில ஆண்டு குறைந்த வட்டி காட்டிப் பிறகு ஏற்றும் கடன்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டதும் அதே ஆண்டுதான்.

விவசாயக் கடனில் கதை வேறு. 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம், நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்தது. அதன் 31ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்களித்தது. உழவரின் நிலத்தை வங்கி எளிதில் பறிக்கக்கூடாது என்பது நோக்கம், நல்ல நோக்கம். வங்கிக் கிளையில் அதன் விளைவைப் பாருங்கள். மேலாளருக்கு நஞ்சை பிணையாகப் பயன்படாது. வீட்டுமனை வேண்டும், அல்லது நகை வேண்டும். வகைப்பாட்டில் மனையாகிவிட்ட வயலுக்குக் கடன் எளிது, நெல் விளையும் வயலுக்குக் கடினம். நாஞ்சில் நாட்டு ஏலாக்கள் (வயல்வெளிகள்) தென்னந்தோப்பாகி, தோப்புகள் பிளாட்டாகியதற்குக் காரணங்கள் பல. கூலி, வெளிநாட்டுப் பணம், தண்ணீர் என்று அடுக்கலாம். அந்த வரிசையில் இந்த விலக்குப் பிரிவையும் சேர்க்க வேண்டும். விவசாய நிலம் எது என்பதைப் பட்டாவில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து அல்லாமல், உண்மையான பயன்பாட்டையும் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்ன பிறகு, பேருக்கு நான்கு தென்னை நட்டுத் தப்பிக்கும் வழி அடைபட்டது. வங்கிகளின் தயக்கம் மாறவில்லை.

நிலம் பெயருக்கு, நகை பிணைக்கு

ஆகவே விவசாயக் கடன் நகைக்குப் போனது. கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு காலைப் பொழுதைக் கழித்தால் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய, பயிர் விவரம் காட்டும் அடங்கல் நகலும் நகையும் சேர்ந்து மேசைக்கு வருகின்றன. மதிப்பீட்டாளர் உரைகல்லில் நகையைத் தேய்த்துப் பார்க்கிறார். அடங்கலை யாரும் தேய்த்துப் பார்ப்பதில்லை. அது குறைந்த வட்டிக்குத் தகுதி தரும் காகிதம், பிணை தங்கம்தான். வட்டி மானியத்தைக் கிசான் கடன் அட்டை வழியாக மட்டும் தருவது என்று 2019இல் மத்திய அரசு இறுக்கியதற்கு, விவசாயமே செய்யாதவர்களும் இந்தக் காகிதத்தோடு வந்தது ஒரு காரணம்.

பிறகு தள்ளுபடிகள். 2006, 2008, 2016, 2021 என்று தேர்தலும் தள்ளுபடியும் கைகோத்து வந்தன. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது, பயன் பெற்றவர் 16.43 லட்சம் பேர். அதே ஆண்டு ஆட்சி மாறியபின் ஐந்து சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி வந்தது. தகுதி ஆய்வில் சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் கழிக்கப்பட்டன. ஒரே ஆள் பெயரில் நூற்றுக்கணக்கில் நகைக்கடன் எழுதப்பட்டிருந்த சங்கங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருந்ததை அரசே அப்போது வெளியிட்டது. தள்ளுபடி வரும் என்று எதிர்பார்த்து வாங்கும் கடனில் வாங்குபவருக்கு ஆபத்து கிடையாது. அது கருவூலத்துக்கும் சங்கத்துக்கும் போகிறது. உண்மையாகவே உழுது, தவணை தவறாமல் கட்டியவர் இரண்டு முறை ஏமாறுகிறார்: ஒன்று தள்ளுபடி அவருக்கு இல்லை, மற்றது அடுத்த ஆண்டு சங்கத்தில் பணமும் இல்லை.

இதற்கிடையே முறைசாராக் கடன் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. 2017இல் கேரள எல்லையை ஒட்டிய பளுகல் பகுதியில் ஒரு சிட்டி நிறுவனம் கதவடைத்தபோது, இரு மாநிலத்து வைப்பாளர்கள் திரண்டு நின்ற காட்சி 1938இன் மறுபதிப்பாக இருந்தது.

மறுபடியும் ஒத்தி

இவ்வளவுக்குப் பிறகும் ஒற்றி சாகவில்லை. வயலை விட்டு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அதன் உள்ளீடு மாறிவிட்டது.

பழைய ஒற்றியாதாரம் ஒன்றை விரித்தால் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள், கொல்லம் ஆண்டு, விதைப்பாட்டு அளவு, நாலெல்கை, முன்னாதாரத்தின் எண், சாட்சிகள் என்று ஒன்று விடாமல் இருக்கும். பதிவு அலுவலகத்தில் ஏறியிருக்கும். இன்று நாகர்கோவிலில் எழுதப்படும் வீட்டு ஒத்தி ஒப்பந்தங்களில் பல சிறு மதிப்பு முத்திரைத்தாளில் இரண்டு பக்கத்தோடு முடிகின்றன. பதிவு கிடையாது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 59ஆம் பிரிவு 1882 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஐந்து லட்சம் கொடுத்தவரின் காகிதம் சட்டத்தின் கண்ணில் அடமானமே அல்ல.

வீட்டுக்காரர் அதே வீட்டை ஏற்கெனவே வங்கியில் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். முந்தைய அடமானத்துக்கே முன்னுரிமை. தவணை நின்று, வங்கி சர்ஃபேசி நோட்டீசைக் கதவில் ஒட்டும் நாளில்தான் ஒத்திக்காரர் முதன்முதலாக அந்தக் கடனைப் பற்றிக் கேள்விப்படுகிறார். பழைய ஒற்றியிலும் ஆபத்து கடன் கொடுத்தவரிடமே இருந்தது. ஆனால் அவர் கையில் வயல் இருந்தது, வயலை யாரும் அவரிடமிருந்து ஏலம் விட முடியாது. நிலத்தை எழுதிக்கொடுத்தவருக்கும் காப்பு உண்டு: அனுபவ ஒற்றியில் கடன் தீரும்வரை மீட்புரிமைக்குக் காலவரையறை ஓடத் தொடங்காது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. முறையாக எழுதிய ஒற்றிக்கு மட்டுமே கிடைக்கும் இந்த உறுதிகள் இன்றைய ஒத்தித் தாளில் இல்லை.

ஏன் பதிவு செய்வதில்லை என்று கேட்டால் பத்திர எழுத்தர்கள் ஒரே பதில் சொல்கிறார்கள்: தீர்வை. சுவாதீனத்தோடு கூடிய அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை தொகையில் 4 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. வங்கியில் ஆதாரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குபவருக்கோ அரை சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஐந்து லட்ச ரூபாய் ஒத்திக்கு இருபதாயிரம் தீர்வை கட்ட எந்த நடுத்தரக் குடும்பமும் முன்வராது. வங்கிக்குத் தரும் அதே அரை சதவீதத்தை ஒத்திக்கும் வைத்தால், ஒப்பந்தங்கள் பதிவு அலுவலகத்துக்கு வரும், வில்லங்கச் சான்றில் தெரியும், வங்கியும் ஒத்திக்காரரும் ஒருவரையொருவர் காண்பார்கள். தமிழ்நாடு பதிவுத்துறை இதைச் செய்ய வேண்டும். அதுவரை, ஒத்திக்கு வீடு பார்க்கிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்க்கட்டும். மூல ஆதாரத்தின் நகலைக் காட்டினால் திருப்தியடைய வேண்டாம், அசல் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.